சோழபுரத்துக்கு டிக்கெட் எடுத்த மகனுக்கு

ஐயா பெஞ்சமின்,

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நீ பாதி சொல்வதற்குள் மீதியை நான் பிடுங்கிக்கொள்வேன். நீயும் வழக்கம்போல "சரிம்மா" என்று விட்டுவிடுவாய். கடிதத்தில் அந்த வம்பு இல்லை. இதில் நான்தான் பேசுவேன், நீ பொறுமையாகக் கேட்க வேண்டும். உன் பேச்சை இத்தனை வருஷம் நாங்கள் காத்திருந்து கேட்டோம் அல்லவா, இன்றைக்கு உன் முறை. கோயம்புத்தூரில் அந்த அறையில் மின்விசிறி ஓடுகிறதா இல்லையா தெரியவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்.

இங்கே எல்லோரும் நலம். சப்பட்டை மாம்பழம் வர ஆரம்பித்துவிட்டது. உன் அப்பா தினமும் மார்க்கெட்டுக்குப் போய், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு என்று சொல்லி வாங்கி வந்து, தானே தின்றுகொண்டிருக்கிறார். தையல் மெஷினைச் சுற்றி ரவிக்கைத் துணி மலையாகக் கிடக்கிறது. உன் கல்யாணத்துக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் நான்தான் தைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறதோ என்னவோ. சலித்துக்கொள்வதுபோல் எழுதுகிறேனே தவிர, இப்படி ஒரு மே மாதம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது என்னவென்று உனக்கு நினைவிருக்கும். கல்யாணத்தன்று ஆலயத்தில் போதகர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளையும் பெண்ணும் திரும்பச் சொல்கிற வாக்குறுதி இருக்கிறதே, அதை நீ சொல்லப் போவதில்லை, போதகரே முழுவதையும் வாசித்துவிடுவார், நீ கடைசியில் "ஆம்" என்று மட்டும் சொன்னால் போதும், அவரிடம் பேசி முடித்தாயிற்று, ஒரு பிரச்சினையும் இல்லை என்றாய். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கோ அந்தத் திக்காத பேச்சுதான் உறுத்தியது. நீ திக்காமல் பேசினாய் என்றால், சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு எளிதாக வருகிற வார்த்தைகளை மட்டும் பொறுக்கியிருக்கிறாய் என்று அர்த்தம். கவனித்துப் பார்த்தேன். அந்தப் பேச்சு முழுவதிலும், நீ கட்டிக்கொள்ளப்போகிற பியூலாவின் பெயரை நீ சொல்லவே இல்லை. அவள் பார்க்கிற வேலையை வைத்து "டீச்சர்" என்றாய், "அவங்க" என்றாய். எனக்கு உடனே சோழபுரம் ஞாபகம் வந்துவிட்டது.

நீ பேச ஆரம்பித்த நாளிலிருந்தே ப-வும் ர-வும் உனக்கு எதிரி. அந்த இரண்டும் முதலில் வந்தால் உன் உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை இறுக்கிக்கொள்வாய். அதை அறியாமல் உனக்கு பெஞ்சமின் என்று பெயர் வைத்தோம். ராஜபாளையத்தில் பெற்றும் போட்டோம். வசம்பு உரசி நாக்கில் தடவினேன். தேன் தடவினேன். எதிர்வீட்டு அக்கா சொன்னார்கள் என்று கூழாங்கல்லைக் கழுவி வாயில் அடக்கச் சொன்னேன். நீ அதை விழுங்கப் பார்த்தாய். மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல்ல நீங்க அவனப் பேசி முடிக்க விடுங்கம்மா" என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் எங்கே முடிக்க விடாமல் இருக்கிறேன் என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் உன் அப்பாவோடு சண்டை. நீ நடுவில் "அம்மா, ப..." என்றாய். "பசிக்குதா?" என்றேன். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ சொல்ல வந்தது பசி இல்லை, பட்டம். ஜன்னலுக்கு வெளியே யாரோ பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

உன் அப்பாவுக்கு அந்தச் சங்கடமே கிடையாது. அவர் மில்லில் நூற்பு மெஷின்களுக்கு நடுவில் நின்ற ஆள். அங்கே காதால் கேட்கிற கதையே இல்லை. எதிரில் இருப்பவனின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் யார் வாயைத் திறந்தாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நீ பேச வந்தால், ஓடிக்கொண்டிருக்கிற என் தையல் மெஷினின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்திவிடுவார். நூல் அறுந்துவிடும். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். "அவன் என்ன சொல்லப் போறான்னு எனக்குத்தான் தெரியுமே, விடுங்க கைய" என்பேன். அவர் கையை எடுக்கமாட்டார். "செத்த பொறுட்டி. மில்லுல அம்புட்டுச் சத்தத்துல கண்டவன் பேச்சக் கேக்க எம்புட்டு நேரம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கோம். பெத்த பிள்ளைக்கு நிக்க மாட்டமா?" என்பார். நீ சொல்லி முடித்த பிறகுதான் சக்கரம் சுற்றும். அந்த வருஷங்களில் நான் தைத்த ரவிக்கைகளில் எத்தனை தையல் பாதியில் நின்று தொடர்ந்ததோ, போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நீ சாமர்த்தியக்காரன். வளர வளர, வராத வார்த்தையோடு மல்லுக்கட்டுவதைவிட அதைச் சுற்றிக்கொண்டு போவது லேசு என்று கண்டுபிடித்துவிட்டாய். பேனா வேண்டுமென்றால் "எழுதுறது" என்பாய். ரசம் வேண்டுமென்றால் "அடுத்தது ஊத்துங்க" என்பாய். பன்னிரண்டாம் வகுப்பு படிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்துகொண்டிருந்த நாளில் ஒருமுறை, சாயங்காலம் வரும்போது பால்கோவா வாங்கி வா என்று சொல்லிவிட்டேன். நீ அல்வா வாங்கி வந்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய் அல்வா வாங்கி வந்த ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே நீயாகத்தான் இருப்பாய். கேட்டதற்கு, "அதுதான் நல்லா இருந்துச்சு" என்றாய். உன் அப்பா முழுவதையும் தின்றார். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. கடைக்காரரிடம் பா-வில் தொடங்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் நீ கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புரிந்தது பஸ்ஸில்தான். உன் இலவசப் பாஸ் செல்லுகிற பஸ் சாயங்காலத்தில் நேரத்துக்கு வராது என்று நீ தனியார் பஸ்ஸில் வருவாய். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் ரவிக்கை கொடுத்துவிட்டு நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். முன்பக்கம் பெண்கள் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த என்னை நீ பார்க்கவில்லை. பின்னால் கண்டக்டரின் சத்தம் கேட்டது. "ஏலே, எங்க?" என்றார். நீ கொஞ்சமும் தயங்காமல், "சோழபுரம் ஒண்ணு" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோழபுரத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள்? நம் ஊரையும் தாண்டிப் போய் அங்கே இவனுக்கு என்ன ஜோலி? பெண் விவகாரமா, பீடி சிகரெட்டா என்று, பஸ் நம் ஊர் வந்து சேர்வதற்குள் உனக்கு எல்லாக் கெட்ட பழக்கத்தையும் நான் மனதுக்குள் கற்பித்து முடித்துவிட்டேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க நானும் சோழபுரம் வரைக்கும் வருவது என்று முடிவு செய்து நிற்கிறேன், நீ ராஜபாளையத்தில் இறங்கிவிட்டாய். "சோழபுரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு தெனம் இங்க எறங்குதியே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்று கண்டக்டர் கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ திரும்பிப் பார்க்காமல் போனாய்.

தினம் என்று அவர் சொன்னாரே, அந்த வார்த்தை என்னைக் குத்தியது. வீட்டுக்கு வந்து கேட்டேன். உன் அப்பா மெஷின் சக்கரத்தில் கையை வைத்தார். நீ வெகுநேரம் கழித்து, "ரா வரலம்மா. சோ வருது" என்றாய். உன் சொந்த ஊரின் பெயர் உன் வாயில் வராததால், அதைத் தாண்டி இருக்கிற ஊருக்கு டிக்கெட் எடுத்து, தினமும் பாதியில் இறங்கி வந்திருக்கிறாய். அன்றைக்கு நான் அழுத அழுகையை நீ பார்த்தாய். பிறகு அழுகை கோபமானது. அந்தக் கண்டக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று கிளம்பினேன். நீ என் கையைப் பிடித்து, "வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்? மறுநாளே இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அதே பஸ்ஸில் ஏறி முன்னால் உட்கார்ந்தேன். உனக்கு முந்தி உனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிடுவது என்பது என் திட்டம்.

அதற்குள் கண்டக்டர் பின்னால் உன்னிடம் போய்விட்டார். "என்னலே, சோழபுரமா?" என்றார். நீ இல்லை என்று தலையாட்டினாய். "ரா..." என்றாய். நின்றுவிட்டது. பஸ்ஸே உன்னைப் பார்க்கிறது. உன் கழுத்து நரம்பு எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. "ராஜபாளையமா? சொல்லித் தொலையேன்" என்று அவர் டிக்கெட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். நீ கையை நீட்டவில்லை. மறுபடி ரா-விலிருந்து தொடங்கினாய். என் வாய்க்குள் ராஜபாளையம் முழுதாக வந்து நிற்கிறது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏறி, மறுபடி கிளம்பியது. நீ இன்னும் ரா-வில்தான் இருந்தாய். கடைசியில் சொன்னாய், "ராஜபாளையம் ஒண்ணு." கண்டக்டர், "இதத்தானலே நானும் சொன்னேன்?" என்றார். நீ, "நாஞ் சொல்லணும்லண்ணே" என்றாய். அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, உன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு முன்னால் வந்தார். என்னிடம் "உங்களுக்கு எங்கம்மா?" என்றார். எனக்கு ஊர்ப்பெயர் வரவில்லை. உன் பக்கம் கையைக் காட்டினேன்.

பள்ளிக்கூடச் சுவரிலெல்லாம் விடாமுயற்சி என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். நல்ல வார்த்தைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சோர்ந்துபோய் எதையாவது விட்டுவிடலாம் என்று நான் உட்கார்ந்த நாட்களில் அந்த வார்த்தை என்னிடம் வந்ததே இல்லை. நீ சொன்ன "நாஞ் சொல்லணும்ல" என்பதுதான் வந்திருக்கிறது. உன் அப்பாவின் "செத்த பொறுட்டி" வந்திருக்கிறது. கைவிடுவது என்பதற்கு எதிர்ப்பதமாக நம் வீட்டில் புழங்குகிற வார்த்தைகள் இந்த இரண்டும்தான். கஷ்டப்பட்டுச் சொல்கிறவனுக்கு ஒன்று, காத்திருக்கிறவனுக்கு ஒன்று.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லாமல் இருக்க முடியுமா? கேள். நீ மட்டும்தான் வார்த்தையை மாற்றிப் போடுகிறாய் என்று நினைக்காதே. திக்காதவர்களும் அதைத்தான் செய்கிறோம். உன் அப்பா வேலை பார்த்த மில்லில் ஒருசமயம் ஷிப்டைக் குறைத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். "பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, உப்பு கூடிப்போச்சு, செருப்பை ஏன் இங்கே விட்டீர்கள், உங்க அண்ணன் அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா என்று எளிதாக வருகிறவற்றையெல்லாம் சொன்னேன். அவருக்கும் என்னிடம் "தப்புதான், கோவிச்சுக்காத" என்று சொல்ல வராது. சண்டை போட்ட மறுநாள் காலையில் வந்து, "மெஷினுக்கு எண்ணெய் போட்டியா?" என்று கேட்பார். இருவரும் சோழபுரத்துக்கே டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தோம். எப்படியோ வீட்டில் இறங்கிக்கொண்டோம், அது வேறு விஷயம். ஆனால் சொல்ல வேண்டியதை அதன் பெயராலேயே சொன்ன நாட்களும் உண்டு. அப்படிச் சொன்ன நாளில் இருவருக்கும் நன்றாகத் தூக்கம் வந்தது. நீயும் பியூலாவும் சண்டை போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் வருத்தத்தை வருத்தம் என்றும் பயத்தைப் பயம் என்றும் சொல்லப் பழகுங்கள். எத்தனை நேரமானாலும் சரி.

உலகத்தில் அனிதா இருக்கிறாள், ஷீபா இருக்கிறாள், தேடித் தேடி நீ ஒரு பியூலாவைப் பிடித்தாய். ப-வில் தொடங்கும் பெண்ணே வேண்டும் என்று அடம்பிடித்தவனைப் போல. அப்போதே எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது.

அவள் வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேராக இங்கே வந்தாள், கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்க்க. கை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. குண்டூசி குத்திப் பிடித்துக்கொண்டே, "வாக்குறுதிய போதகரே வாசிச்சிருவாராமே, இவன் ஆம்னு மட்டும் சொன்னாப் போதுமாம்" என்று வாயை விட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன், சத்தியமாக. அவள் முகம் மாறியதும் எனக்குப் புரிந்துவிட்டது. போதகரிடம் பேசினாய், என்னிடம் பேசினாய். அந்த வாக்குறுதியைக் கேட்கப்போகிறவளிடம் மட்டும் நீ பேசவில்லை.

அவள் குண்டூசி குத்திய ரவிக்கைக் கையைத் தடவிக்கொண்டு நின்றாள். வழக்கமான நானாக இருந்தால் அந்த இடைவெளியில் பத்துச் சமாதானம் சொல்லியிருப்பேன். எப்படியோ என் வாயும் அன்றைக்குச் சும்மா இருந்தது. பிறகு அவள் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. "அவியளுக்குச் சங்கடமா இருந்தா வேண்டாம் அத்த. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். ஆனா எனக்காகன்னு நினைச்சு சொல்லாம விட்ருக்காவன்னா, அது தப்பு. எம்பேர எல்லாரும் சடக்குனு சொல்லிட்டுப் போயிருவாவ. அம்புட்டு நேரம் எம்பேர வாயில வச்சிருந்து, என்னையப் பாத்துக்கிட்டே சொல்லுத ஆளு அவிய ஒருத்தர்தான்." சொல்லிவிட்டு, "கைய இன்னும் செத்தப் பிடிக்கணுமோ அத்த?" என்று கண்ணாடியைப் பார்த்தாள். எனக்குக் குண்டூசி எது, துணி எது என்று தெரியவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.

நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை ஐயா. "ஆம்" என்பதும் முழு வார்த்தைதான். கர்த்தர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீ தலையை மட்டும் ஆட்டினாலும் உன் கல்யாணம் கல்யாணம்தான், அவள் என் மருமகள்தான். ஆனால் முதலில் அவளிடம் பேசு. அதன் பிறகு எதுவானாலும் எனக்குச் சம்மதம். இந்தக் கடிதத்தை நம் சபை மாத இதழுக்குக் கொடுக்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது, திக்குகிற பிள்ளையைப் பெற்ற தாய்மார் இந்த ஊரில் இன்னும் இருப்பார்கள். நீயும் அவளும் சரி என்றால் மட்டும்தான். வேண்டாமென்றால் இது பீரோவில் உன் சின்ன வயதுச் சட்டைகளோடு கிடக்கும்.

சொல்வது என்று நீ முடிவு செய்தால், அதற்கு வேண்டிய ஏற்பாட்டை நான் செய்துவிட்டேன். அவசரக்காரி அல்லவா! வீடியோக்காரரிடம், மாப்பிள்ளைக்குப் பேச்சு நிற்கிற இடத்திலெல்லாம் கேமராவும் காத்து நிற்க வேண்டும், பிறகு ஒரு விநாடிகூட வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சமையல்காரர் பிரியாணி ஆறிவிடும் என்றார். ஆறினால் ஆறட்டும் என்றேன். உன் அப்பா முதல் வரிசையில் உன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கு அது பழக்கம். நான் அவர் பக்கத்தில் இருப்பேன். புதுப் பட்டுப் புடவை, முந்தானையை வாயில் திணித்தால் கறையாகும் என்கிறார் அவர். ஆகட்டும்.

நேற்று போதகரிடம் கேட்டு அந்த வாக்குறுதி எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பெயரும் எடுத்த எடுப்பிலேயே வந்துவிடுகின்றன. மெஷினை நிறுத்திவிட்டு உனக்காக அதை இங்கே எழுதுகிறேன். "பெஞ்சமினாகிய நான், பியூலாவாகிய உன்னை..."

மீதி எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன்.

உன் அம்மா